ஹெலிகாப்டர் பயிற்சிக் கடன்: வாரிய வீட்டை வங்கி ஏன் ஏற்கவில்லை?

ஹெலிகாப்டர் விமானிப் பயிற்சிக்குக் கேட்ட கல்விக்கடனுக்கு, வாரிய வீட்டை அடமானமாக வங்கி ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தடை ஹெலிகாப்டர் பயிற்சியில் இல்லை தம்பி. நீங்கள் அடமானமாகக் காட்டிய, அரசுக் குடியிருப்பு வாரியம் ஒதுக்கிய சென்னை தண்டையார்பேட்டை வீட்டின் காகிதத்தில்தான் இருக்கும். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த விமானிப் பயிற்சிக்குக் கல்விக்கடன் உண்டு. ஆனால் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து கேட்பார்கள்.

உங்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமாக இருக்கலாம்; அது கிரயப் பத்திரம் ஆகாது. என் தங்கை வீட்டிலும், லேமினேட் செய்து மூலை மஞ்சளேறிய அந்தத் தாளைத்தான் பத்திரம் என்று நம்பி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள்.

அப்பா பெயரில் கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இல்லையென்றால், தவணை கட்டிய ரசீதுகளோடு வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அலைச்சல்தான், ஆனால் அந்தப் பத்திரம் குடும்பத்துக்கே தேவை.

பட்டியலினத்தவராக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். ஹெலிகாப்டர் விமானி உரிமப் படிப்பும் அதில் அடங்கும்.

விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது சிலருக்கு மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது.