விசையைக் குறையுங்கள், சாலை கைக்குத் தெரியும்

கேள்வி: ஐயா, நான்கு மாதங்களுக்கு முன், விளையாட்டில் காரின் விசையை மோட்டார் வழியாகக் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங் ஒன்று வாங்கினேன். பற்சக்கரத்தில் இயங்குவது, 900 டிகிரி சுழல்வது. கணினியில் அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டில் ஓட்டுகிறேன். விசையை 100 சதவீதத்தில் வைத்து, அதிர்வுகள் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறேன். வளைவுகளில் பாறையைத் திருப்புவதுபோல் இருக்கிறது. நேர்சாலையில் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் ஆடுகிறது. ஆனால் கார் வழுக்கும்போது மட்டும் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. விசைப்பலகையில் ஓட்டியபோது கூட இத்தனை முறை மோதியதில்லை. கருவியில் பழுதா? மோட்டாரிலேயே ஸ்டீயரிங்கைப் பொருத்திய டைரக்ட் டிரைவ் வகைக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் கருவி ஒழுங்காக வேலை செய்வதாகவே தெரிகிறது. பாறைபோன்ற கனம், நேர்சாலை ஆட்டம், வழுக்கும்போது வரும் மௌனம் ஆகிய மூன்றும் அமைப்புகளால் வருபவை. அதிலும் முதலாவதும் மூன்றாவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

ஸ்டீயரிங்கில் வரும் விசை எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கார் வளைவில் திரும்பும்போது, டயர் தரையைத் தொடும் பகுதி சற்றே முறுக்கிக்கொள்கிறது. காரைத் திருப்பும் பக்கவாட்டு விசை அந்தப் பகுதியின் நட்டநடுவில் விழுவதில்லை, கொஞ்சம் பின்தள்ளி விழுகிறது. அந்தச் சிறிய இடைவெளி ஒரு நெம்புகோலாக நின்று, சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. நீங்கள் கையில் உணரும் கனத்தில் பெரும்பங்கு இதுதான். இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பினால், தரையைத் தொடும் பகுதியின் பின்பக்கம் முதலில் வழுக்கத் தொடங்கும். விசை விழும் இடம் முன்னால் நகரும், நெம்புகோல் குறுகும். ஆகவே முன்டயர்களின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே கையின் கனம் குறைய ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் கைக்கு வரும் எச்சரிக்கை அது. நல்ல ஓட்டுநர்கள் காத்திருப்பது கனத்துக்காக அல்ல, இந்தக் கனம் இளகும் நொடிக்காக.

உங்களுக்கு அந்த நொடி ஏன் வரவில்லை? உங்கள் வகைக் கருவியின் மோட்டார் அதிகபட்சம் தரக்கூடிய முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். வேகமான வளைவில் விளையாட்டு கேட்கும் விசை 3 ஆகி, 4 ஆகி, பிடிமானம் போகும் தருணத்தில் மீண்டும் 3-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். மோட்டார் என்ன தரும்? 2, 2, 2. தன் உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். 4-இலிருந்து 3-க்கு இறங்கியது தான் நீங்கள் தேடிய எச்சரிக்கை. அது மோட்டாரைத் தாண்டி உங்கள் கைக்கு வரவே இல்லை. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். ஒலிபெருக்கியை அது தாங்காத அளவுக்கு அலறவிட்டால் சத்தம் மட்டும் இருக்கும், பாட்டின் சொல் புரியாது அல்லவா, அதே கதைதான். இப்போது கெயினை, அதாவது நீங்கள் 100 சதவீதத்தில் வைத்திருக்கும் விசை அளவை, பாதியாக்கிப் பாருங்கள். 1.5, 2, 1.5 என்று ஏறி இறங்கும். கனம் குறைவுதான், ஆனால் சேதி முழுதாக வந்து சேர்கிறது.

அசெட்டோ கோர்சாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓட்டும்போது திரையின் வலது ஓரத்துக்கு மவுஸைக் கொண்டு சென்றால் சிறுசெயலிகளின் பட்டியல் வரும். அதில் பெடல்களைக் காட்டும் செயலியைத் திறங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் ஆகியவற்றின் பட்டைகளோடு ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டை இருக்கும். அது உச்சியைத் தொட்டுச் சிவந்தால் கிளிப்பிங். ஒரு தடத்தில் மூன்று நான்கு சுற்று ஓட்டுங்கள். நீண்ட வளைவு முழுவதும் பட்டை சிவப்பாகவே இருந்தால் கெயினைக் குறையுங்கள். ஓடுபாதை விளிம்புக் கட்டையில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் சிவந்து மறைந்தால் கவலை வேண்டாம். விசைப்பலகையின் எண் பகுதியில் உள்ள கூட்டல், கழித்தல் பொத்தான்களை வைத்து ஒவ்வொரு காருக்கும் தனியாகவே இதைச் சரிசெய்துகொள்ளலாம். பந்தயக் காருக்குச் சரியாக இருந்த அளவு சாதாரணக் காருக்குத் தொளதொளவென்று இருக்கும், ஆகவே காருக்குக் கார் மாற்றத் தயங்காதீர்கள். ஐரேசிங் போன்ற மற்ற சிமுலேட்டர்களிலும் இதே வேலையைச் செய்யும் பட்டை உண்டு.

நீங்கள் கூட்டி வைத்திருக்கும் விளிம்புக்கட்டை அதிர்வு, சாலை அதிர்வு, வழுக்கல் அதிர்வு எல்லாவற்றையும் முதலில் பூஜ்யமாக்குங்கள். டயரும் தொங்கமைப்பும் (சஸ்பென்ஷன்) தரும் உண்மையான விசையின் மேல் ஏற்றிவைத்த அலங்காரம் அவை. 2 நியூட்டன் மீட்டர்தான் உங்கள் மொத்தச் சொத்து, அதை நடுக்கத்துக்குச் செலவழித்துவிட்டால் டயருக்கு மிஞ்சாது. ஒரு மாதம் கழித்து, வேண்டுமானால், சாலை அதிர்வை மட்டும் சிறிதளவு சேருங்கள்.

கருவியோடு வந்த மென்பொருளில் ‘சென்டரிங் ஸ்பிரிங்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் செயற்கை வில் அது, டயர் என்ன நிலையில் இருந்தாலும் ஒரே மாதிரி இழுக்கும். என் முதல் கருவியில் அது இயங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் ஏறத்தாழ ஓராண்டு ஓட்டினேன். அணைத்த அன்று மாலைதான், பின்சக்கரம் விலகும்போது ஸ்டீயரிங் தானாகவே எதிர்த்திசைக்கு ஓட முயல்வதை முதன்முறையாக உணர்ந்தேன். அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்து, நேர்சாலை ஆட்டம். ஸ்டீயரிங் நடுவைத் தாண்டிச் சற்று இடப்புறம் போகிறது. விளையாட்டு அதை அறிந்து வலப்புறம் இழுக்கும் கட்டளையை அனுப்புகிறது. கட்டளை மோட்டாரை அடைவதற்குள் நொடியில் மிகச் சிறிய பங்கு கடந்துவிடுகிறது. அந்தத் தாமதத்தால் இழுப்பு தேவைக்கு மேல் நீடித்து, ஸ்டீயரிங் மறுபக்கம் தாண்டிவிடுகிறது. பிறகு அங்கிருந்து இங்கே. நிஜக் காரில் இயந்திரப் பாகங்களின் உராய்வும் பவர் ஸ்டீயரிங்கும் இந்த ஊசலை விழுங்கிவிடும். உங்களிடம் அந்த வேலையைச் செய்ய வேண்டியவை உங்கள் கைகள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், விரல்கள் மேலே தங்கியிருந்தாலே பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் ‘மினிமம் ஃபோர்ஸ்’ எண்ணைப் பாருங்கள். பற்சக்கரங்களின் உராய்வு மிகச் சிறிய விசைகளைத் தின்றுவிடும். அதை ஈடுகட்ட, எந்த விசையையும் ஒரு குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்கவைக்கும் அமைப்பு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அளவு மீறினால் நடுவில் ஸ்டீயரிங்குக்கு ஓய்வே இருக்காது, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் உதறிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். நடுவில் உள்ள உயிரற்ற இடம் மறையும் வரை ஏற்றி, உதறல் தொடங்கியதும் ஒரு படி இறங்கி நில்லுங்கள். ஸ்டீயரிங்கின் அசைவை எதிர்த்து மந்தமாக்கும் டேம்பிங்கைக் கடைசி மருந்தாக, மிகக் கொஞ்சமாக மட்டும் சேருங்கள். அது ஆட்டத்தோடு சேர்த்துச் சேதியையும் மழுங்கடிக்கும்.

சுழற்சிக் கோணத்தைப் பொறுத்தவரை, மென்பொருளிலும் விளையாட்டிலும் 900 என்றே வையுங்கள். ஒவ்வொரு காருக்கும் உரிய எல்லையை விளையாட்டே கணக்கிட்டுக்கொள்ளும். உங்கள் கை 90 டிகிரி திரும்பினால் திரையில் உள்ள ஸ்டீயரிங்கும் 90 டிகிரி திரும்ப வேண்டும், சோதனை அவ்வளவுதான். பலர் வேகமாகத் திருப்பலாம் என்று கோணத்தை 240-க்குக் குறைத்துவிடுகிறார்கள். விரல்நுனி அசைவுக்கே கார் துள்ளும், வழுக்கலைச் சமாளிக்கவும் முடியாது.

வழுக்கலைப் பற்றி இன்னும் ஒன்று. பின்பக்கம் விலகும்போது முன்சக்கரங்கள் கார் போகும் திசையை நோக்கித் தாமாகவே திரும்பப் பார்க்கும், உங்கள் கையில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் ஓடும். அதோடு மல்லுக்கட்டாமல், பிடியைத் தளர்த்தி உள்ளங்கைக்குள் ஓடவிட்டு, போதும் என்ற இடத்தில் பிடியுங்கள். விசைப்பலகையில் பழகியவர்களுக்கு இது வர நேரமாகும். விசைப்பலகையில் விளையாட்டே உங்களுக்காகத் திருப்பத்தை மென்மையாக்கித் தந்தது. இப்போது அந்த உதவி இல்லை என்பதால் மோதல்கள் கூடியிருக்கின்றன.

யூ.எஸ்.பி. கம்பியைக் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். இயக்கும்போது ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நடுவைக் கண்டுபிடிக்கும், அந்நேரத்தில் அதைத் தொடாதீர்கள். மேசை ஆடினால் மோட்டாரின் உழைப்பில் ஒரு பங்கு மேசையை ஆட்டுவதில் போய்விடும்.

டைரக்ட் டிரைவ் நல்லதா என்றால், நிச்சயமாக நல்லது. பற்சக்கரமோ பெல்ட்டோ இல்லாமல் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் அமர்ந்திருப்பதால் நுணுக்கம் சிதையாது. தொடக்க நிலைக் கருவிகளே 5 நியூட்டன் மீட்டர் அளவில் தருகின்றன. அந்த விசைக்குச் சாதாரண மேசை போதாது, உறுதியான சட்டகம் வேண்டும். மோதும் தருணத்தில் கட்டைவிரல் ஆரங்களுக்கு நடுவில் மாட்டினால் காயம் படும், ஆகவே கட்டைவிரலை வளையத்தின் மேல் வைத்தே பழக வேண்டும். கையில் பணம் இருந்து ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், நான் முதலில் லோட்செல் பிரேக் பெடலைச் சொல்வேன். சாதாரணப் பெடல் கால் எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்கிறது, லோட்செல் எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அளக்கிறது. கால் தூரத்தைவிட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

அதுவரை ஒரு காரையும் ஒரு தடத்தையும் தேர்ந்துகொண்டு இரண்டு வாரம் அதிலேயே ஓட்டுங்கள். அசெட்டோ கோர்சாவில் லோட்டஸ் எலிஸ் இருக்கிறது, நிஜத்திலேயே பவர் ஸ்டீயரிங் இல்லாத கார், முன்டயர் சொல்வதை மறைக்காது. தடத்துக்கு, அதே விளையாட்டில் உள்ள மஜோனே என்ற தடம் போதும், இரண்டரை கிலோமீட்டர்தான். முதலில் மெதுவாக நுழைந்து, ஏதாவது ஒரு நீண்ட வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திருப்புங்கள். கனம் ஏறும், ஏறும், பிறகு ஓரிடத்தில் இளகும். அந்த இடத்தைப் பத்து முறை தேடிக் கண்டுபிடித்த பிறகு எனக்கு எழுதுங்கள், பிரேக்கைப் பற்றிப் பேசலாம்.