மடியில் கனமும் வழியில் பயமும்

கேள்வி: எங்கள் பக்கம் கஞ்சா புழங்குகிறது என்று ஊரே பேசுகிறது. போன வாரம் கோரிப்பாளையம் அருகே ராத்திரி வாகனச் சோதனை. பைக்கில் வந்த என் அக்கா மகன், டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸைக் காட்டப் போனை நீட்டியிருக்கிறான். வாங்கிய போலீஸ்காரர் அப்படியே வாட்ஸப், போட்டோ எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, 'கிளம்பு' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். 'அது என் உரிமை மாமா' என்று வீட்டுக்கு வந்து குதிக்கிறான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?
– ஒரு வாசகர், செல்லூர்

பதில்: பழமொழியை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். மடியில் கனம் என்றால் பணம். சந்தையில் மாட்டை விற்று, காசை மடியில் முடிந்துகொண்டு இருட்டில் நடந்து வருகிறவனுக்குத்தான் அந்தப் பயம். யாரைக் கண்டு? வழிப்பறிக்காரனைக் கண்டு. போலீஸுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து அவர்களை எந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள், பார்த்தீர்களா?

உங்கள் மருமகன் சொல்வது சரி. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பதும் செல்லும். அதோடு அந்த வேலை முடிந்தது. ரேஷன் கார்டைச் சரிபார்க்க வாசலுக்கு வந்தவர் அடுப்படி வரை போய்ப் பானையைத் திறந்து பார்த்தால் சும்மா இருப்பீர்களா?

சந்தேகம் இருந்தால் போலீஸ் தேடலாம். வாரண்ட் இல்லாமலே தேடவும் சட்டத்தில் வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 185-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 165. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, வழக்கை விசாரிக்கும் அதிகாரியோ, தான் விசாரிக்கிற குற்றத்துக்கு வேண்டிய பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது, வேறு வழியில் போனால் தாமதமாகிவிடும் என்று நம்ப வேண்டும். ஏன் நம்புகிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும். என்ன தேடுகிறார் என்பதையும் எழுத வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். போதாததற்கு, சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது, செல்போனிலேயே எடுக்கலாமாம். வீட்டுச் சோதனை என்றால் அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது சாட்சி, கைப்பற்றியதற்கு மகஜர், அதில் வீட்டுக்காரருக்கு ஒரு நகல். இத்தனை எழுத்து வேலையும் போலீஸ் தலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. கோரிப்பாளையத்தில் அன்று யாரும் பேனாவையே திறக்கவில்லை.

கஞ்சா என்கிறீர்கள். நம் நாட்டின் கடுமையான சட்டங்களில் போதைப்பொருள் சட்டமும் ஒன்று. அதிலேயே 50-ஆவது பிரிவு, ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் முன், 'கெஜட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சோதனை போடச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது' என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. அப்படிச் சொல்வது போலீஸின் கடமை என்று 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பொட்டலம் தேடுகிறவருக்கே இவ்வளவு கட்டு. பையனின் போட்டோவில் அவர் எந்தப் பொட்டலத்தைத் தேடினாரோ!

அப்புறம், இந்த 'பயம் எதற்கு' என்ற பேச்சை நம் மதுரை ஜில்லாவில் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும். செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போய், எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்களிடம் ரேகைச் சட்டம், அதாவது வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், என்று சொல்லிப் பாருங்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கள், பிறந்த சாதிக்காகக் கைரேகை வைத்தார்கள். ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுத்தார்கள். அவர்கள் மடியில் என்ன கனம் இருந்தது? அதை எதிர்த்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவரைக் கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஹிஸ்டரி ஷீட் திறந்து, நடுராத்திரியில் போய்க் கதவைத் தட்டினார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம் ராத்திரிக் கதவு தட்டலை ரத்து செய்தது. ஆனால் அந்தரங்கம் என்று ஒரு உரிமை சாசனத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. அதைத் திருத்த 2017 ஆகஸ்ட் 24 வரை ஆனது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் சரியில்லை. முறைகேடாகத் தேடி எடுத்த சாட்சியமாக இருந்தாலும், வழக்குக்குப் பொருத்தமானது என்றால் கோர்ட் அதை ஏற்கலாம் என்ற 1973-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் பூரண்மல் தீர்ப்பு இன்னும் நம் தலைக்கு மேல் நிற்கிறது. விதியை மீறித் தேடினாலும் கிடைத்தது லாபம் என்றால், விதியைப் படிக்க யாருக்கு அக்கறை வரும்?

நடுரோட்டில் சட்டம் பேசி மல்லுக்கட்டச் சொல்லி மருமகனைத் தூண்டிவிடாதீர்கள். லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும். போனில்தான் காட்ட வேண்டும் என்றால் தன் கையில் பிடித்தபடியே காட்டட்டும். 'போனைக் கொடு' என்றால், 'எந்த வழக்குக்கு சார், எழுதிக் கொடுங்கள்' என்று மரியாதையாகக் கேட்கட்டும்.

உங்கள் கடிதத்தின் அடியில், 'தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். போடவில்லை.