கடற்கரைப் பந்தும் பேசும் வெடிகுண்டும்

அன்புள்ள ஐயா,

தாங்கள் முன்பு பரிந்துரைத்த ‘டார்க் ஸ்டார்’ படத்தை நேற்றிரவு பார்த்தேன். வேற்றுக்கோள் உயிர் என்று அதில் காட்டப்படுவது ஒரு கடற்கரைப் பந்து. விண்கலம் பொம்மை என்பதும் அப்பட்டமாகத் தெரிகிறது. மாணவர்கள் எடுத்தது என்ற சலுகையைத் தவிர, இப்படத்தைக் கொண்டாட வேறு காரணம் உண்டா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது உண்மைதான். அது நகங்கள் பொருத்தப்பட்ட கடற்கரைப் பந்தேதான். அதைத் துரத்தும் மின்தூக்கிக் காட்சி நீளம் என்பதும் என் கருத்து. ஆனால் சலுகை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற ஜான் கார்பெண்டரும் டான் ஓ’பேனனும் 1970-இல் 16 மி.மீ. படச்சுருளில் தொடங்கிய இப்படம், பின்னர் ஒரு தயாரிப்பாளரின் பணத்தால் முழுநீளப் படமாக வளர்ந்து 1974-இல் திரைக்கு வந்தது. செலவு ஏறத்தாழ 60,000 டாலர். கார்பெண்டரே இயக்கி இசையும் அமைத்தார். ஓ’பேனன் எழுத்திலும் படத்தொகுப்பிலும் பங்கேற்றதோடு பின்பேக் என்ற பாத்திரத்திலும் நடித்தார். கலத்துக்குள் புகுந்த அந்நிய உயிர் என்ற அதே கருவை, சிரிப்பை விலக்கி அச்சமாக மாற்றி, 1979-இல் வெளிவந்த ‘ஏலியன்’ படத்துக்கு எழுதியவரும் அவரே.

பணமின்மை இப்படத்துக்குக் குறையாக இல்லை என்றே நினைக்கிறேன். நிலையற்ற கோள்களைத் தகர்ப்பதற்காக அனுப்பப்பட்டு 20 ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கும் தாடி வளர்ந்த மனிதர்கள், பேச எதுவும் மிச்சமில்லாமல் ஓர் இடுக்கமான அறையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். விசாலமான அரங்கம் அமைக்கப் பணம் இருந்திருந்தால் அந்தச் சலிப்பு நம்மீது இவ்வளவு நெருக்கமாக வந்து படிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வெடிகுண்டுக் காட்சிக்கு வருகிறேன். பேசவும் சிந்திக்கவும் வல்ல 20-ஆம் எண் குண்டு கலத்திலிருந்து கழன்று விழ மறுக்கிறது. குறித்த நேரத்தில் வெடித்தே தீருவேன் என்றும் சாதிக்கிறது. வழி தெரியாத டூலிட்டில் என்ற பொறுப்புத் தலைவன், உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும் இறந்த தலைவரிடம் யோசனை கேட்டுவிட்டு, விண்ணுடையோடு வெளியே மிதந்து வந்து குண்டுக்குத் தத்துவம் கற்பிக்கிறான். நீ இருக்கிறாய் என்பது உனக்கு எப்படித் தெரியும், உன் புலன்கள் தரும் சாட்சியத்தை எதைக்கொண்டு நம்புகிறாய் என்று அவன் அடுக்கும் கேள்விகள் எதையும் ஐயுற்றுப் பார்த்த பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தின் ஐயவாதத்திலிருந்து நேராக வருபவை. குண்டு அவற்றைப் பொறுமையாகக் கேட்டு, ஒப்புக்கொண்டு, யோசிப்பதற்காகத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. பிறகு, தன்னைத் தவிர எதுவுமே இல்லை என்ற முடிவுக்கு அது வந்து சேரும்போது, தப்பிப்பதற்காகச் சொன்ன அதே தர்க்கமே அவர்களுக்கு எமனாகிறது. இதற்குத் தேவைப்பட்டவை ஒரு மாதிரிக் குண்டு, ஒரு குரல், மிதக்கும் ஒரு மனிதன், இவ்வளவுதான்.

மீண்டும் பார்க்க நேர்ந்தால், கலத்தின் கண்ணாடிக் குவிமாடத்தை விட்டு இறங்காத சக பயணி டால்பியோடு டூலிட்டில் பேசும் காட்சியில் சற்று நில்லுங்கள். டால்பி பிரபஞ்சத்தைச் சுற்றிவரும் ஒளிரும் விண்கற்களைப் பற்றிப் பேசுகிறான். டூலிட்டில் தான் இழந்த அலைச்சறுக்குப் பலகையை நினைத்து ஏங்குகிறான். கலம் சிதறிய பின் முதலாமவன் அந்த விண்கற்களோடு போய்ச் சேர்கிறான். இரண்டாமவன் உடைந்த தகடு ஒன்றின்மேல் ஏறி நின்று, கோளின் வளிமண்டலத்துக்குள் சறுக்கி இறங்கி, எரிநட்சத்திரமாக மறைகிறான். அந்த முடிவை அவ்வளவு முன்னதாகவே, அவ்வளவு சாதாரணமான ஓர் உரையாடலில் விதைத்து வைத்தவர்களை மாணவர்கள் என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்