தனித்து வாழும் தாய்மாருக்கு மட்டும்தான் உதவி, ஆம்பளைங்களுக்கு ஒன்னும் இல்ல, இதுவா சமத்துவம்?

நீங்க கேக்கறதுல பாதி நியாயம் இருக்கு. நம்ம மலேசியாவுல தொழிலாளருக்கு சமூகப் பாதுகாப்பு குடுக்கற சொக்சோல 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச இல்லத்தரசி திட்டம், வருஷம் 120 வெள்ளி கட்டறது, அது பொம்பளைங்களுக்கு மட்டும்தான், வீட்டுல இருந்து புள்ள பாத்துக்கற ஆம்பள சேர முடியாது. ஆனா எல்லாம் அப்படி இல்லங்க. நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்தவ, வீட்டுல நடந்தத சொல்றேன்.

சித்தி கையுறை ஃபேக்டரியில வேல செஞ்சாங்க, மாசாமாசம் சம்பளத்துல சொக்சோ புடிச்சாங்க. அவங்க நோயில தவறினப்ப ரெண்டு புள்ளைங்களும் சின்னது. அதுக்கு சொக்சோ குடுக்கற பென்ஷன, விதவை பென்ஷன்னு பேர கேட்டுட்டு அது பொம்பளைங்க சமாச்சாரம்னு சித்தப்பா பாட்டுக்கு செம்பனை பழம் வெட்ட போயிட்டாரு. நெசத்துல பொண்டாட்டி செத்தா, விதவைக்கு கிடைக்கற மாதிரியே புருஷனுக்கும் அந்த பென்ஷன்ல அஞ்சுல மூணு பங்கு, புள்ளைங்களுக்கு அஞ்சுல ரெண்டு பங்கு. யூனியன்காரர் ஒருத்தர் டீக்கடையில சொல்லித்தான் தெரிஞ்சது, அப்பவும் "பொண்டாட்டி காசுல திங்கறான்னு பேசுவானுங்க"ன்னு ஒரு வருஷம் இழுத்தாரு. சட்டம் கொடுக்குது, இவர தடுத்தது நம்ம லயத்து வாய்தான்.

பெரியம்மாவுக்கு வந்தது வேற. 1985ல தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனாங்க, லயமே சாட்சி, ஆனா யாரும் போய் பதியல. 1982 மார்ச் 1க்கு அப்புறம் முஸ்லிம் இல்லாதவங்க கல்யாணத்த சட்டப்படி பதிஞ்சாத்தான் கல்யாணம், இத தோட்டத்துல யாரு வந்து சொன்னா? பெரியப்பா வேலைக்கு போற வழியில மோட்டார்ல அடிபட்டு செத்தாரு. பொறப்பு பத்திரத்துல அப்பா பேரு இருந்ததால புள்ளைங்களுக்கு சொக்சோ காசு வந்துச்சு. பெரியம்மா தன் பங்க கேக்கவே போகல, விண்ணப்ப பாரத்தோட வைக்கறதுக்கு கல்யாண சுராட், அதான் பதிவு பத்திரம், இல்லையே. காரியம் முடிஞ்ச மறுவாரமே காலையில பேரு கூப்புடற பெரட்டுக்கு, தோட்டத்து வேலைக்கு போயிட்டாங்க. பதியாம வாழறவங்க யாராச்சும் இத படிச்சா, ரெண்டு பேரும் உசுரோட இருக்கும்போதே ஜேபிஎன், அதான் தேசிய பதிவு இலாகா, போய் கேளுங்க, வெக்கப்படாதீங்க.

அரசியலமைப்பு 8வது பிரிவுல 2001லயே ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு சேத்தாச்சு. சரி. ஆனா எங்க வீட்டுல அரசாங்கம் குடும்பத்துக்கு குடுக்கற ரஹ்மா உதவிக்கு அப்பா பேர்லதான் விண்ணப்ப பாரம், அப்பா அக்கவுண்ட்லதான் காசு, எப்ப வந்துச்சு எவ்ளோ வந்துச்சுன்னு அம்மாவுக்கு தெரியாது, கேட்டா சண்ட. அதனாலதான் 2025 ஆகஸ்ட் 31ல இருந்து 18 வயசு ஆன குடிமக்கள் எல்லாருக்கும் அவங்கவங்க ஐசியில, அதான் அடையாள அட்டையில, சாமான் வாங்க அரசாங்கம் 100 வெள்ளி போட்டாங்க பாருங்க, அது எனக்கு பெருசா தெரிஞ்சது. காசு கம்மிதான். அம்மா யாரையும் கேக்காம சொந்த ஐசிய நீட்டி அரிசி, முட்டை, சவர்க்காரம் எல்லாம் எடுத்தாங்க. கேஷியர் பொண்ணு கொடுத்த ரசீத மடிச்சு ஐசியோட வச்சிருக்காங்க இன்னும்.