தவறான வீட்டுக்குப் போன உறை: இழப்பு யாரைச் சேரும்?

கேள்வி: மேற்கு மாம்பலத்திலிருந்து அண்ணா நகருக்குக் குடிபெயர்ந்ததும் வங்கியில் புதிய முகவரியைப் பதிவு செய்துவிட்டேன். ஆனாலும் என் கிரெடிட் கார்டும், பான், ஆதார் நகல்கள் அடங்கிய ஆவணங்களும் கூரியர் மூலம் பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன. 'டெலிவரி ஆகிவிட்டது' என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அங்கே இப்போது குடியிருப்பவரோ எதுவும் வரவில்லை என்கிறார். என் பெயரில் யாராவது கடன் வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வழக்கை விட அவசரமான வேலை ஒன்று உண்டு. கார்டை இன்றே முடக்கச் சொல்லி, நடந்ததை விவரித்து வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது. எழுத்தில், தேதியோடு இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 6.7.2017 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைக்கு வங்கியின் குறைபாடு காரணமாக இருந்தால், வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு இல்லை. பொறுப்பு அவருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே. எனவே, முகவரி மாற்றத்துக்கு வங்கி கொடுத்த ஒப்புகைதான் உங்கள் கையில் உள்ள மிக வலுவான ஆவணம். அதைப் பத்திரப்படுத்துங்கள். உறையை யார், எப்போது கையெழுத்திட்டு வாங்கினார் என்ற பதிவையும் கூரியர் நிறுவனத்திடம் உடனே எழுத்து மூலம் கேளுங்கள்; தாமதித்தால் அது கிடைப்பது கடினம்.

அடையாளத் திருட்டைப் பொறுத்தவரை, பிறரது மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் அல்லது தனித்த அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதுவரை மோசடி எதுவும் நடக்காததால் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியத் தயங்கலாம், அப்படியானால் புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்குங்கள், பிற்பாடு தேதியை நிறுவ அது உதவும். பணம் போனது தெரிந்தால் அந்தக் கணமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பான் எண் வாழ்நாள் முழுவதற்குமானது, புதிய கார்டு வாங்கினாலும் அது மாறாது. ஆகவே கண்காணிப்பு ஒன்றே வழி. யார் பெயரில் என்ன கடன் உள்ளது என்று பதிவு செய்யும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். ஆதாரின் பயோமெட்ரிக் விவரங்களையும் பூட்டி வையுங்கள்.

பழைய வீட்டில் இருப்பவரை இப்போதே குற்றவாளியாக்க வேண்டாம். தவறி வந்த உறையை வாங்கியது மட்டும் குற்றமல்ல. நேர்மையற்ற முறையில் அதைத் தனதாக்கிக்கொண்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314ஆம் பிரிவு பொருந்தும். காவலாளியோ பக்கத்து வீட்டாரோ வாங்கி வைத்திருக்கவும் கூடும் என்பதால், ஒரு சாட்சியோடு நேரில் போய் விசாரியுங்கள்.

சேவைக் குறைபாட்டுக்காக, வங்கியையும் கூரியர் நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இதுவே அஞ்சல் துறை வழியாக வந்த உறை என்றால் நிலைமை வேறு: 2023ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம் அந்தத் துறையின் பொறுப்பை விதிகளில் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கியிருக்கிறது. உங்களுடையது தனியார் கூரியர் என்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை.