வயதான பெற்றோருடன் முதல்முறையாகக் குரூஸ் போக ஆசை. எங்கிருந்து, எப்படித் திட்டமிடுவது?

திருச்சியிலிருந்து நீங்கள், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, எல்லாரும் சைவம், ஏப்ரல் மே விடுமுறையில் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கப்பலேற்றி விடுவதும், சில சமயம் கூடவே போவதும் எனக்குப் பழக்கம். அம்மாவின் முழங்காலை முன்னால் வைத்து யோசித்தால், உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் எந்தக் கடல் என்று பாருங்கள். சென்னையிலிருந்தே கப்பல் உண்டு. 2022 ஜூனில் கொர்டீலியா நிறுவனம் அங்கிருந்து தொடங்கியது, மறு ஆண்டு ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. விமானச் செலவு இல்லை என்பது பெரிய வசதிதான். ஆனால் அது திறந்த வங்கக் கடல், காற்று எழும்பினால் அசைவு தெரியும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம். இரண்டுக்கும் நடுவில் பெரிய அலை எழுவது குறைவு. கடல் ஒத்துக்கொள்ளுமா என்றே தெரியாதவர்களை முதலில் இந்தப் பாதையில்தான் கூட்டிப்போவேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் இருக்கிறது.

நாளைப் பொறுத்தவரை மூன்று இரவே போதும். பினாங்கு மட்டும் போய்த் திரும்பும் பயணமாகப் பாருங்கள். தாய்லாந்தின் புக்கெட் தீவையும் சேர்த்த நான்கு இரவுப் பயணம் விலையில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பொதுவாகப் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். ஆடும் படகில் கால் வைப்பது அம்மாவுக்குச் சிரமம், சக்கர நாற்காலியை அதில் ஏற்ற மறுக்கவும் கூடும். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், இறங்கினால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் குயின் தெருவில் இருக்கிறது. மதியம் நடை சாத்தியிருக்கும், நேரம் பார்த்துப் போங்கள். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா எதுவும் இதற்குத் தேவையில்லை, அம்மாவுக்கு ஒரு டாக்சி பிடித்தால் போதும். கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிளாங்கில் நிற்கும் பயணம் கிடைத்தால் நகரத்துக்கு ஓடாமல் கப்பலிலேயே இருங்கள். போகவும் வரவும் சாலையிலேயே நாள் போய்விடும். அன்றைக்குப் பலர் இறங்கிவிடுவதால் நீச்சல் குளம் காலியாக இருக்கும். மகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

அறைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. இளைஞர்களுக்கு அது போதும். பெரியவர்கள் பகலில் பாதி நேரம் அறையில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு பால்கனி எடுங்கள், நீங்கள் வேண்டுமானால் உள்ளறையில் இருந்துகொள்ளலாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அசைவு குறைவு. லிஃப்டுக்குப் பக்கமாக, மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாகப் பாருங்கள். மேலே நீச்சல் குளமோ நடன அரங்கமோ இருந்தால் இரவில் தூக்கம் போகும். எந்த அறை என்பதை நிறுவனமே பிறகு முடிவு செய்யும் மலிவுக் கட்டணத்தை இந்த முறை தொடாதீர்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் தொகை ஓர் ஆளுக்கு, அதுவும் இருவர் ஓர் அறையில் தங்கினால். அதற்கு மேல் துறைமுக வரி, ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை, இணையம், குளிர்பானம் எல்லாம் தனி. அன்பளிப்பைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அமெரிக்க நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் அளவில் வரும். ஐந்து பேருக்கு மூன்று இரவு என்றால் 270 டாலர். இந்தியாவில் முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளக் கூடியது, ரசீதை வைத்திருங்கள். ஒரு நல்ல செய்தி: சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடு ஆண்டு விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும். அதற்கு முன்பே, ஏப்ரலிலோ மே முதல் பாதியிலோ போனால் கூட்டமும் விலையும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விசாவில் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறீர்கள். அதனால் பலமுறை நுழைவு விசா வேண்டும். மின்னணு வருகை அட்டையையும் கப்பலில் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். மலேசிய விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முந்தைய வாரம் அரசு தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கப்பல் கிளம்பும் அன்று காலை வந்து இறங்கும் விமானத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்ப வராது. முந்தின நாளே வந்து சிராங்கூன் சாலைப் பக்கம் தங்குங்கள். 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் அப்பா அம்மா மறுநாள் தெம்பாக இருப்பார்கள். கப்பல் ஏறும் மரீனா பே முனையத்துக்கு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) உண்டு என்றாலும் பெட்டிகளோடு டாக்சிதான் நல்லது. சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள், சைவ உணவையும் அப்போதே எழுதச் சொல்லுங்கள். இந்தியர்கள் நிறைய வருவதால் இந்தக் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு பெரும்பாலும் கிடைக்கும்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, மகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். குமட்டலுக்கான மாத்திரையை அப்பா அம்மாவின் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். அவர்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போக வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் அதிகம். காப்பீடு எடுக்கும்போது குரூஸும் அவசர மருத்துவ இடமாற்றமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். கெட்டில், இஸ்திரிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதையும் எடுத்து வராதீர்கள், வாங்கி வைத்துவிடுவார்கள்.

கப்பல் நகரத் தொடங்கியதும் எல்லாருடைய கைபேசியையும் விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றுங்கள். நடுக்கடலில் அது செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்தால் பில் தாங்காது. அப்புறம், கப்பல் நேரத்தை மட்டும் நம்புங்கள். பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம்தான். ஆனால் வேறொரு முறை புக்கெட்டுக்குப் போனால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கைபேசி தானாக மாறியிருக்க, கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடுவீர்கள்.

கடைசி நாளில் காலையிலேயே கப்பல் வந்துவிட்டாலும் இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுக்க நேரமாகும். திருச்சி விமானத்தை மாலையிலோ இரவிலோ போடுங்கள்.