பருப்பு குக்கரில் மட்டும் விரைவாக வேகுவது ஏன்?

இரவுச் சாம்பாருக்குத் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் நெடுநேரம் பிடிக்கிறது. குக்கரில் விரைவில் குழைந்துவிடுகிறது. குக்கர் என்பது நீராவியை அடைத்துவைத்துச் சமைக்கும் பாத்திரம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதித்துவிடுவதால், தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. குக்கருக்குள்ளோ, அடைபட்ட ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட, படிக்கட்டு வரை நெரிசலான பேருந்திலிருந்து இறங்க முடியாமல் தவிப்பவரைப் போல, நீர் எளிதில் ஆவியாக முடியாமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது; அந்தக் கூடுதல் சூடுதான் பருப்பைக் குழைக்கிறது. (காற்றழுத்தம் குறைந்த உதகையில் திறந்த பாத்திரச் சமையல் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.) விசில்களின் எண்ணிக்கையே பக்குவத்தின் அளவு என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் விசில் மிகுதியான ஆவி வெளியேறும் ஓசை மட்டுமே என்பதால், முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து நிமிடங்களைக் கணக்கிடுவதே சரியானது.